நாட்டுப்புறத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

யூலை மாதம் பிறந்துவிட்டால் பிரான்சு நாடு முழுவதுமே தெற்கு நோக்கி இடம்பெயர்கின்றது. இடம்பெயர்தல் என்ற சொல்லை இங்கு பயன்படுத்துவதை வாசகர்கள் பொறுத்தருள்க. கூரையில் மிதிவண்டிகளையும் கூடாரங்களையும் கட்டிக்கொண்டு வரிசையாக நகரும் கார்களைக் காணும்போது எமக்கு வேறு சொல் வாய்ப்பதில்லை. இக்காலத்திற்றான் நெடுஞ்சாலைத் தரிப்பிடங்களிலும், காட்டோரங்களிலும், எம்போன்றோர் வாழும் கிராமங்களின் ஒழுங்கைகளிலும் நாய்களும் பூனைகளும் பெருமளவிற் கைவிடப்படுகின்றன. 1845ஆம் ஆண்டு பாரிசில் நிறுவப்பட்ட எஸ்.பி.ஏ எனும் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 40,000க்கு மேற்பட்ட விலங்குகளைத் தனது காப்பகங்களிற் பொறுப்பேற்று வருகின்றது. காப்பகம்வரை வந்துசேராதவை இக்கணக்கில் அடங்கா.

நாங்கள் 2011ஆம் ஆண்டு பாரிசின் புறநகர்த் தொடர்மாடியை விட்டு நோர்மாண்டிப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூருக்குக் குடிபெயர்ந்தோம். எனக்குப் பாற்கட்டித் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. மனைவிக்கு அயல் நகரின் முதியோர் இல்லத்தில் வேலை. கடையில்லாத ஊர். கிழமைக்கு இருமுறை பாண் வண்டி வரும். வீட்டுக்குப் பின்னால் அப்பிள் மரங்கள் நிற்கும் ஒரு துண்டுக் காணி உண்டு. இந்தக் காணியைப் பற்றிய செய்தி எம்மவர்களிடையே எப்படியோ பரவிவிட்டது. அதன் விளைவாக ஆண்டுதோறும் யூன் மாத இறுதியில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும்.

“அண்ணை, பிள்ளையள் ஆசைப்பட்டு ஒரு பூனை வாங்கினனாங்கள். இப்ப ஆறு கிழமைக்கு ஊருக்குப் போறம். உங்களுக்குக் காணி இருக்குத்தானே, கொண்டுவந்து விடட்டோ? அது எலி பிடிச்சுத் திண்டு தன்ரபாட்டில நிக்கும்.”

இப்படிக் கேட்பவர்கள் கொடியவர்களல்லர். பிள்ளைகளுக்கு உணவூட்டி, முதியோரைப் பேணி, இரண்டு வேலை செய்து வாழும் நல்ல மனிதர்கள். அவர்களிடம் இருப்பது ஒரு தவறான எண்ணம் மட்டுமே: நாட்டுப்புறம் என்றால் விலங்குகள் தாமாகவே வாழ்ந்துகொள்ளும் என்பது. இதே எண்ணத்துடன்தான் பிரெஞ்சு நகரவாசிகளும் எங்கள் ஒழுங்கையிற் காரை நிறுத்திப் பெட்டியைத் திறந்துவிட்டுச் செல்கின்றனர்.

நாமும் ஊரில் இதையே செய்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெட்டை நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் சாக்கினுள் இட்டுச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு, அவை வழி அறிந்து திரும்பி வராதபடி வேறு ஒழுங்கையால் வீடு திரும்பிய பிள்ளைகளில் நானும் ஒருவன். சந்தையில் மீன் தலை கிடைக்கும், கோயிலிற் சோறு கிடைக்கும் என்று பெரியவர்கள் எமக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தக் குட்டிகளை அடுத்த கிழமை எவரும் தேடிச் சென்று பார்த்ததில்லை.

நோர்மாண்டியில் நான் சென்று பார்க்க வேண்டியதாயிற்று, ஏனெனில் அவை என் கொட்டிலிற்றான் கிடந்தன. முதலாண்டு மாரிக்கு முன் ஒரு பெட்டைப் பூனை குட்டிகளுடன் வந்து சேர்ந்தது. மழுங்கிய நகங்களும் கழுத்துப் பட்டியும் கொண்ட வீட்டுப் பூனை அது. எலி பிடிக்க அறியாதது. தொடர்மாடியில் வளர்ந்த பூனைக்கு எலி ஒரு விளையாட்டுப் பொருளேயன்றி உணவன்று. நான் செய்த முதற் பிழை, ஒரு கிண்ணத்திற் பசுப்பால் வைத்தது. பூனையென்றாற் பால் என்றே நாம் வளர்ந்தோம். தெனாலிராமன் கதையிற்கூடப் பாலைக் கண்டு ஓடும் பூனைதான் வேடிக்கை. வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பசுப்பால் சமிக்காது; வயிற்றோட்டம் உண்டாகும். குட்டிகளுக்கு அதனினும் கேடு. நான்கு குட்டிகளில் மூன்று கண்கள் ஒட்டிச் சளி பிடித்து இறந்தன. தடுப்பூசி பெறாத பூனைகளிடையே அந்தச் சளிநோய் எத்துணை விரைவிற் பரவும் என்பதைப் பின்னர் மிருக வைத்தியர் விளக்கினார்.

அயலில் வாழ்ந்த முதிய பிரெஞ்சுப் பெண்மணி, மாடு வளர்த்து ஓய்ந்தவர், வேலிக்கு அப்பாலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முசியே, வருந்துவதால் ஆவது ஒன்றுமில்லை. தாயை இப்போதே பிடியுங்கள், இன்னும் இரண்டு மாதத்தில் மறுபடி ஈனும்” என்றார். அவர் கூறியது உண்மையே. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 கிழமைகள். குட்டிகளுக்குப் பாலூட்டும் காலத்திலேயே மீண்டும் சினைப்பட வல்லது. ஆறு மாதம் நிரம்பு முன்னரே குட்டியும் சினைப்படக்கூடும். இரக்கப்பட்டு உணவு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இரண்டு ஆண்டுகளில் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். அதன்பின் அயலவர் எவரேனும் நஞ்சு வைப்பர். உணவுக்கு முன்பே கருத்தடைச் சத்திரசிகிச்சை என்பதை அம்மையாரிடமே கற்றேன். கூண்டையும் அவரே இரவல் தந்தார்.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. பிரெஞ்சுக் கிராமியச் சட்டத்தின்படி, உரிமையாளர் இல்லாது கூட்டமாய்த் திரியும் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே மீள விடுவதற்கு ஊர் முதல்வர் ஏற்பாடு செய்யலாம். அடையாளம் ஊரின் பெயரிலோ ஒரு சங்கத்தின் பெயரிலோ பதியப்படும். எங்கள் ஊர்ச் சபையில் இதற்கான பணமில்லை என்று இரண்டு ஆண்டுகள் அலைக்கழித்தார்கள். மூன்றாம் ஆண்டு அம்மையார் என்னையும் அழைத்துக்கொண்டு சபைக் கூட்டத்துக்குச் சென்று முன்வரிசையில் அமர்ந்தார். பணம் கிடைத்தது.

எமது குசினியைப் பற்றியும் ஒரு சொல். நாய்க்கு மிஞ்சிய கறியும் சோறும் கொடுப்பது எம் வழக்கம். வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டினதும் குருதிக் கலங்களைச் சிதைப்பவை. வெங்காயமில்லாத கறி எம் வீடுகளில் ஏது? எனவே சோறு வடிக்கும்போதே ஒரு பங்கை எடுத்து, உப்பும் தூளும் இடாது அவித்த மீன் அல்லது கோழியுடன் கலந்து வைப்பதே நன்று. முந்திரிப்பழமும் அதன் வற்றலும் சொக்கிலேற்றும் நாய்க்கு ஆகா. காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் மாத்திரையைக் கொடுத்தால், அது ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும். மாரியிற் கம்பளித் துணியைவிட வைக்கோலே மேல். துணி ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும். காலையிற் காரை இயக்குமுன் முன்மூடியில் இரண்டு முறை தட்டுங்கள். இயந்திரச் சூட்டை நாடி உள்ளே பூனை படுத்திருக்கும்.

கட்டாக்காலி நாயைக் கண்டதும் எம்மவர் அஞ்சுவது விசர்நோய்க்கே. அந்த நோய்க்கான தடுப்பூசி மனிதருக்கு முதன்முதலாக இதே நாட்டிற்றான், 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், பாஸ்ரர் அவர்களின் மேற்பார்வையில் ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. நரிகளிடையே பரவியிருந்த விசர்நோய், அவற்றுக்கு உணவில் மருந்து வைத்தமையால் ஒழிந்து, 2001இல் பிரான்சு இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் இலங்கையில் அந்நோய் இன்னும் உள்ளது. இங்கு பிறந்த எம் பிள்ளைகள் ஊருக்குச் சென்றதும் தெருநாய்களைத் தூக்கிக் கொஞ்சுகின்றனர். கடிபட்டால் அல்லது கீறுபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு நெடுநேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

இனி, நான் இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணமான நாயைப் பற்றி.

2019 ஆகஸ்டு நடுப்பகுதி. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வந்துகொண்டிருந்தபோது, காட்டோரத்து மரமொன்றில் ஒரு நாய் சங்கிலியாற் கட்டப்பட்டிருந்தது. வெள்ளையும் மண்ணிறமும் கலந்த வேட்டைநாய் வகை, பெட்டை, மூன்று வயதிருக்கும். அருகில் ஒரு வாளியில் தண்ணீரும் ஒரு பொதி உணவும் வைத்திருந்தார்கள். வாளி கவிழ்ந்து கிடந்தது. அது குரைக்கவில்லை. என் காரின் ஒலி கேட்டதும் எழுந்து நின்று வாலை ஆட்டியது. நான் இறங்கியதும், எதிர்பார்த்த ஆள் இவனல்லன் என்று கண்டு மீண்டும் படுத்துக்கொண்டது.

சங்கிலியில் கை வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மாலை வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் புறப்பட்டதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாங்கள் கோண்டாவிலிலிருந்து மழையிற் செம்மணி வெளியைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடியாக நகர்ந்து, மறுநாள் கொடிகாமம் சேர்ந்தோம். அப்பா பசுவையும் கன்றையும் அவிழ்த்துக் கலைத்துவிட்டார். கொடிகாமத்தில் ஒரு பாடசாலைத் திண்ணையில் இருந்தபோது அம்மா கேட்டார்: “சிம்மியை ஆர் அவிட்டது?” தம்பி அவிழ்த்தான் என்று நான் நினைத்திருந்தேன். நான் அவிழ்த்தேன் என்று தம்பி நினைத்திருந்தான்.

1996 சித்திரையின் பின் மக்கள் திரும்பிச் சென்றபோது அப்பாவும் சென்று வீட்டைப் பார்த்தார். கூரை இல்லை, கதவுகள் இல்லை, கிணற்றடியில் வாழைகள் நிற்கின்றன என்றார். கிணற்றடிக்குப் பக்கத்திற்றான் சங்கிலி கட்டும் கமுகு. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தம்பி இப்போது கனடாவில் இருக்கின்றான், கிழமைதோறும் பேசுகின்றோம், இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

அன்று நாம் ஓடியது உயிர் காக்க. இங்குள்ளவர் போவது கடலிற் குளிக்க. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று என்று நண்பர்கள் கூறுகின்றனர். முறையன்றுதான். ஆனால் அந்த வேறுபாட்டைச் சங்கிலியின் மறுமுனையில் இருந்த உயிருக்கு எவரும் விளக்கியதில்லை.

கண்டெடுத்த நாயை உடனே தமதாக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தராது. ஊர்ச் சபைக்கு அறிவிக்க வேண்டும். அன்று காலை மிருக வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். கழுத்தின் தோலடியில் ஓர் அரிசியளவான நுண்சில்லு இருந்தது. கருவியை வைத்ததும் 250 என்று தொடங்கும் 15 இலக்கங்கள் தோன்றின. பெரும்பாலான வைத்தியர்கள் இதனைப் பார்ப்பதற்குப் பணம் அறவிடுவதில்லை. இலக்கத்தைத் தேசியப் பதிவேட்டிற் பார்த்தபோது நாயின் பெயரும் வேறொரு மாவட்டத்து முகவரியும் கிடைத்தன. (இந்நாட்டுக்கு வந்தபோது எமக்கும் முதலிற் கிடைத்தது ஓர் இலக்கமே.) அந்தத் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. நாய், ஃபூரியேர் எனப்படும் கட்டாக்காலி விலங்குக் காவலிடத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கு 8 வேலைநாட்கள் வைத்திருப்பர். உரிமையாளர் வராவிடின் உரிமை காவலிடத்தாரைச் சேரும். அவர்கள் விரும்பினால் ஒரு சங்கத்தின் மூலம் தத்துக் கொடுக்கலாம். அந்த எட்டு நாட்களும் வேலை முடிந்து வரும் வழியில் நான் அங்கு சென்று கம்பிக்கு வெளியே நின்றேன். உள்ளே விட அனுமதி இல்லை. உரிமையாளர் வந்துவிட வேண்டும் என்று பாதியும், வரக்கூடாது என்று பாதியும் விரும்பினேன். வரவில்லை.

அப்போதிருந்ததைவிட இன்று சட்டம் கடுமையானது. 2021 நவம்பர் 30ஆம் நாட் சட்டத்தின்படி, வளர்ப்பு விலங்கைக் கைவிடுவோருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 45,000 யூரோவரை தண்டமும் விதிக்கலாம். நாயோ பூனையோ பெறுவோர் முதற்றடவையாயின் ஓர் உறுதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டு, 7 நாட்கள் கழிந்த பின்னரே விலங்கைப் பெறலாம். 2024 சனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. இணையத்தளங்களில் விளம்பரம் பார்த்து இரவோடிரவாகக் குட்டி வாங்கும் எம்மவர் பலர் இந்த உறுதிப் பத்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுமில்லை. வளர்க்க முடியாத நிலை வந்தால் காப்பகத்திற் கையளிப்பது குற்றமன்று; அது வெட்கத்துக்குரியதுமன்று. முன்கூட்டியே அழைத்து நாள் பெற வேண்டும், அவ்வளவே. விடுமுறைக்கெனில், பணம் பெற்றுப் பார்த்துக்கொள்வோர் உளர். அதே தொடர்மாடியிற் சாவியை வாங்கி உணவு வைக்க ஒரு நண்பர் போதும். பூனை தன் வீட்டிலேயே இருக்கத்தான் விரும்பும்.

எங்கள் நாய்க்கு ஆவணி என்று பெயரிட்டோம். பதிவேட்டிலிருந்த பழைய பெயரைச் சொல்லி அழைத்தால் எழுந்து வாசலைப் பார்த்தது. ஆகவே அப்பெயரைக் கைவிட்டோம். அயல் அம்மையார் “அவனி” என்பார். அவர் 2022இற் காலமானார். அவரது இரண்டு பூனைகளும் இப்போது எம்மிடம். யூலை 14 வாணவேடிக்கையன்றும், செப்ரெம்பரில் வேட்டைக்காலம் தொடங்கும் நாட்களிலும் வெடியொலி கேட்டால் ஆவணி படிக்கட்டின் கீழ் ஒடுங்கிக்கொள்ளும். அந்நாட்களில் யன்னல்களை மூடி, வானொலியைச் சற்று உரக்க வைப்பேன். மனைவி இது நாய்க்காகவா உங்களுக்காகவா என்று கேட்பதுண்டு.

இவ்வாண்டும் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒருவருக்குக் காப்பகத்தின் இலக்கத்தைக் கொடுத்தேன். மற்றவர் பூனையுடன் நேரே வந்துவிட்டார். அன்று மாலைவரை அமர்த்தி, கறியும் பாணும் கொடுத்து, கொட்டிலைக் காட்டி, பூனையையும் அவருடனேயே திருப்பியனுப்பினேன். கோபித்துக்கொண்டு போனார். கடந்த கிழமை அழைத்து, மேல்மாடியிலுள்ள பெண் சாவியை வாங்கச் சம்மதித்துவிட்டாள் என்றார்.

ஆவணிக்கு இப்போது முகம் நரைத்துவிட்டது. ஒழுங்கையிற் கார் ஒலி கேட்டால் இன்னமும் எழுந்து படலைவரை செல்லும். பாண் வண்டி என்று கண்டதும் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.