கோப்பு தனியாகப் போகிறது

1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் டாக்காவிலிருந்து பெர்லினுக்கு ஒரு தபால் உறை புறப்பட்டது. அனுப்பியவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்து வந்த சத்யேந்திர நாத் போஸ். அவருக்கு அப்போது வயது 30. பெற வேண்டியவரோ உலகப் புகழ் பெற்ற ஐன்ஸ்டீன்! உறைக்குள் ஒரு கடிதமும் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கட்டுரையும் இருந்தன. ஒளித் துகள்களைக் கணக்கிட ஒரு புதிய வழியை அக்கட்டுரை கூறியது. ஐன்ஸ்டீன் அதைப் படித்தார், வியந்தார். தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவரச் செய்தார். 'போஸான்' என்று துகள்களில் ஒரு வகைக்கே பெயர் ஏற்படக் காரணமான கட்டுரை அதுதான்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? உறை பெர்லினில் பிரிக்கப்பட்டபோது போஸ் டாக்காவில் இருந்தார். ஒரு வரி புரியவில்லை என்றால் பக்கத்தில் நின்று விளக்க அவரால் முடியாது. காகிதம்தான் அவருக்காகப் பேச வேண்டும்.

இன்று விஞ்ஞானிகள் கட்டுரைகளைத் தபாலில் அனுப்புவதில்லை. ஆய்விதழின் இணையதளத்தில் கோப்புகளாகப் பதிவேற்றுகிறார்கள். ஆனால் போஸின் நிலைமை மட்டும் மாறவில்லை. கோப்பு தனியாகத்தான் போகிறது! இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பதிவேற்றத்தில் கேட்கப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும். வாருங்கள், ஒரு கட்டுரையின் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

ஏன் இத்தனை கோப்புகள்?

முதலில் ஆய்விதழ் என்றால் என்ன? விஞ்ஞானிகள் தாம் கண்டறிந்ததைப் பிற விஞ்ஞானிகளுக்கு அறிவிக்கும் பத்திரிகை அது. 1665ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் தொடங்கிய 'பிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' இன்றும் வெளிவந்து கொண்டிருக்கிறது. வருகிற கட்டுரைகளை இதழாசிரியர் அப்படியே அச்சிட்டுவிடுவதில்லை. அத்துறை அறிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார். இவர்களை நடுவர்கள் எனலாம்.

இப்போது பதிவேற்றப் பக்கத்துக்கு வருவோம். 'கட்டுரையை ஒரே கோப்பாக அனுப்பினால் போதாதா? பெயர்ப் பக்கம் தனி, கட்டுரை தனி, படங்கள் தனி, அட்டவணைகள் தனி என்று ஏன் கேட்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளிடம் போகிறது என்பதே காரணம்.

பெயர்ப் பக்கம் இதழாசிரியருக்கு மட்டும். பல ஆய்விதழ்களில் எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரிவிப்பதில்லை. பெரிய மனிதர் என்று சலுகை காட்டவும் கூடாது, பெயர் தெரியாதவர் என்று ஒதுக்கவும் கூடாது அல்லவா? ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயர்ப் பக்கத்தை நீக்கிய பிறகும், கோப்பின் 'பண்புகள்' என்னும் பகுதியில் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கக் கூடும். அதையும் அழித்துவிட்டே அனுப்ப வேண்டும்.

படங்கள் அச்சிடுவோருக்கு. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது இருந்தால்தான் புகைப்படம் தெளிவாக விழும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தியின் அகலம் 8.5 சென்டிமீட்டர் என்றால் அது ஏறக்குறைய 3.35 அங்குலம். 300ஆல் பெருக்கினால் படத்தின் அகலத்தில் சுமார் 1,000 புள்ளிகள் வேண்டும். 300 புள்ளிகளே உள்ள சிறு படத்தை இழுத்துப் பெரிதாக்கினால், நுண்ணோக்கியில் கண்ட செல்லின் சுவர் வெறும் புகையாகத் தெரியும்!

அளவீடுகள் அடங்கிய அட்டவணைகள், சோதனையைத் திரும்பச் செய்து சரிபார்க்க விரும்புவோருக்கு. இவர்கள் பத்து ஆண்டு கழித்தும் வரலாம்.

வழியில் நடப்பது என்ன?

கோப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தியாயிற்று. கோப்பு முழுதாக ஒரே மூட்டையாகப் போவதில்லை. கணிப்பொறி அதைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கிறது. ஒரு பொட்டலத்தில் ஏறத்தாழ 1,500 பைட் அடங்கும் என்று கொண்டால், 30 லட்சம் பைட் உள்ள கோப்பு 2,000 பொட்டலங்களாகிறது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. அவை வெவ்வேறு பாதைகளில் போகலாம், முன்பின்னாகவும் போய்ச் சேரலாம். மறுமுனையிலுள்ள கணிப்பொறி எண்களைப் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொள்கிறது.

வழியில் ஒரு பொட்டலம் கெட்டுப்போனால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. அனுப்பும் கணிப்பொறி, பொட்டலத்திலுள்ள எண்களைக் கூட்டி, அந்த விடையையும் உடன் அனுப்புகிறது. பெறும் கணிப்பொறி தானும் கூட்டிப் பார்க்கிறது. விடை பொருந்தாவிட்டால் அந்தப் பொட்டலத்தைத் தள்ளிவிடும். 'கிடைத்தது' என்ற பதில் வராததால், அனுப்பிய கணிப்பொறி அதையே மீண்டும் அனுப்பும். சந்தைக்குப் போய் வந்ததும் அம்மா பையிலுள்ளதை எண்ணிச் சீட்டோடு ஒப்பிடுவது போலத்தான்!

ஆகவே நீங்கள் அனுப்பியது அப்படியே போய்ச் சேரும். இதில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சரியானது மட்டுமா அப்படியே போய்ச் சேரும்? பிழையும் ஓர் எழுத்துக் குறையாமல் போய்ச் சேரும்!

எந்திரம் காணாத பிழை

இதற்கு உண்மையான உதாரணம் உண்டு. உயிரியலார் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று 'செப்ட்-2', மற்றொன்று 'மார்ச்-1'. இவற்றை எக்செல் போன்ற அட்டவணைச் செயலியில் ஆங்கிலத்தில் தட்டினால் என்ன ஆகும்? செயலி அதை மரபணு என்று அறியாது. 'செப்டம்பர் 2', 'மார்ச் 1' என்று தேதியாக மாற்றிவிடும்! ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே இது யார் கண்ணில் படும்?

2004ஆம் ஆண்டிலேயே இதைச் சிலர் சுட்டிக் காட்டினார்கள். 2016ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் மூவர், மரபணுப் பட்டியல்களுடன் வெளிவந்த 3,597 கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளைச் சோதித்தார்கள். 704 கட்டுரைகளில் இந்தப் பிழை இருந்தது. ஐந்தில் ஒன்று! இதழாசிரியரும் நடுவரும் பார்த்து அனுப்பியவைதாம் அத்தனையும்.

முடிவில் விட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? மரபணுக்கள்தாம்! மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது. 'செப்ட்' என்பது 'செப்டின்' ஆயிற்று. 'மார்ச்' என்பதன் முடிவில் ஓர் எழுத்துச் சேர்க்கப்பட்டது. தானாகத் தேதியாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதி எக்செலில் 2023ஆம் ஆண்டுதான் வந்தது.

கடைசிப் பொத்தான்

பதிவேற்றம் முடிந்ததும் இணையதளம் கோப்புகளை எல்லாம் சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிக் காட்டும். 'பார்த்து ஒப்புதல் தருக' என்று கேட்கும். களைத்துப்போன பலர் பார்க்காமலே ஒப்புதல் தந்துவிடுவார்கள். அது எத்தனை பெரிய தவறு!

மைக்ரோகிராம் என்பதைக் குறிக்க 'மியூ' என்ற கிரேக்க எழுத்தைப் போடுகிறோம். ஒருவகை எழுத்துருவில் ஆங்கில 'எம்' எழுத்துக்குரிய இடத்தில்தான் அந்த மியூ வைக்கப்பட்டுள்ளது. பிடிஎஃப் ஆகும்போது அந்த எழுத்துரு விடுபட்டுப்போனால், மியூ மறைந்து எம் தலைகாட்டும். 5 மைக்ரோகிராம் 5 மில்லிகிராம் ஆகிவிடும்! ஆயிரம் மடங்கு! அது ஒரு மருந்தின் அளவாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எந்திரத்துக்கு இரண்டும் எழுத்துகளே. எது சரி என்று அறிந்தவர், சோதனையைச் செய்தவர் ஒருவர்தாம். நடுவரிடம் போகுமுன் அவர் பார்க்கக்கூடிய கடைசித் தருணம் இதுவே.

ஒப்புதல் தந்ததும் கட்டுரைக்கு ஓர் எண் கிடைக்கும். அதன் பிறகு அது எங்கோ ஒரு நடுவரின் மேசையில், தன்னந்தனியாகப் பேசத் தொடங்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. பள்ளிக் கணிப்பொறியில் அட்டவணைச் செயலியைத் திறந்து, ஒரு கட்டத்தில் ஆங்கிலத்தில் 'மார்ச்' என்று தட்டி, இடைவெளி விடாமல் 1 சேர்த்து அழுத்துங்கள். என்ன ஆகிறது? அடுத்த கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றிவிட்டு, அதையே மீண்டும் தட்டிப் பாருங்கள்.

2. நீங்கள் செய்த ஒரு விஞ்ஞானச் சோதனையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதை வேறு வகுப்பு நண்பரிடம் கொடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது! அவர் எந்த இடத்தில் திகைத்து நின்றார் என்று பிறகு கேட்டு, அந்த இடங்களைத் திருத்தி எழுதுங்கள். இன்னொரு நண்பர் தடையில்லாமல் செய்து முடித்துவிட்டால், உங்கள் கட்டுரை தனியாகப் போகத் தயாராகிவிட்டது.