மைப்படி முதல் முப்பரிமாணம் வரை

கல்வெட்டுப் படிக்க வந்தவருக்கு அன்று முதல் பாடம் கைவேலைதான். சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் அது இறங்கும்வரை தூரிகையால் தட்ட வேண்டும். ஈரம் சற்று வாடியதும் மை ஒற்றினால் மேடு கறுக்கும்; எழுத்து வெள்ளையாக நிற்கும். நடுவில் காற்று வந்து தாளைக் கிழித்தால், மறுபடி முதலிலிருந்து.

1890இல் முதல் தொகுதி கண்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசைக்கு இத்தகைய மைப்படிகளே அடிப்படை. ஆனால் தொகுதிகளில் பெரும்பாலும் பாடம்தான் அச்சாகும். ஒரு வாசிப்பில் ஐயம் வந்தால், மைப்படி இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். இல்லையென்றால் பதிப்பாசிரியரை நம்ப வேண்டும்.

இன்று மாணவர் பல கோணங்களில் படம் எடுத்து, கல்லின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் உருவாக்கப் பழகுகிறார். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றி எடுக்கும் முறையும் உண்டு. 2001இல் டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்ட உத்தி அது. அப்படி எடுத்த படங்களில் வெளிச்சத்தைத் திரையிலேயே திருப்பலாம். நேர் ஒளியில் தெரியாத கோடு, சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து எழும்பி வரும்.

தேடலும் மாறிவிட்டது. சோழர் கல்வெட்டுகளின் பெயர்களைக் கணினி கொண்டு தொகுத்த கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரின் சொல்லடைவு 1978இல் அச்சுத் தொகுதிகளாக வந்தது. இன்றைய மாணவர் ‘எபிடாக்’ குறியீட்டு முறையைக் கற்கிறார். மங்கிய எழுத்துக்கு ஒரு குறி, சிதைந்த இடத்தில் ஊகித்து நிரப்பியதற்கு வேறொரு குறி. ஊகங்களை மட்டும் தனியே பிரித்தெடுக்கவும் முடியும்.

கருவி மாறினாலும் கடினம் எங்கும் போய்விடவில்லை. சோழர் காலக் கல்லில் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். எனவே ஓரிடத்தில் இருப்பது ‘கா’வா, ‘கர’வா என்பதை எவ்வளவு துல்லியமான படமும் சொல்லாது. அந்த ஊர், அந்த அரசன், நில அளவை, வரியின் பெயர் எல்லாம் தெரிந்தவருக்கே அது பிடிபடும். சுத்தம் செய்யப் பீய்ச்சிய மணலில் எழுத்து மழுங்கிய சுவர்களுக்கோ, பழைய மைப்படிதான் இன்றும் சாட்சி.

உண்மையில் மாறியது மாணவரின் நிலை. பாடத்தோடு படமும் பக்கத்திலேயே கிடைப்பதால், ஆசிரியரின் வாசிப்பை அவர் ஆதாரத்தோடு மறுக்கலாம். அதற்கு எழுத்தும் இலக்கணமும் வரலாறும் முன்பைவிடக் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும்.