முள் இறங்கினால் லாரி நகராது!

கம்ப்யூட்டரில் லாரி ஓட்டி விளையாடும் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் முள் ஒன்று உண்டு. செக் நாட்டில் உருவாகி 2012-ல் வெளிவந்த 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்ற விளையாட்டில் அதைக் காணலாம். வேகமும் டீசலும் காட்டும் முட்கள் எளிதில் விளங்கிவிடும். இது மட்டும் புதியவர்களுக்குப் புதிர்!

காற்று பிரேக் அசல்போல் இயங்கும்படி அமைத்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்திப் பிரேக்கைப் பலமுறை அழுத்தினால் விடை கிடைக்கும். முள் படிப்படியாக இறங்கும். கடைசியில் லாரி நகர மறுக்கும். எஞ்சினை ஓடவிட்டால் முள் மெல்ல ஏறும், லாரியும் புறப்படும்.

அது காற்றழுத்த மானி. கனரக லாரிகளில் எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் தொட்டியில் காற்றை நிரப்புகிறது. பிரேக்கிலுள்ள வலுவான ஸ்பிரிங்கை அடக்கி வைப்பது இந்தக் காற்றே. காற்று குறைந்தால் ஸ்பிரிங் விடுபட்டுச் சக்கரத்தை இறுக்கிவிடும்.

ரயிலிலும் இதே தத்துவந்தான். காற்று குறைந்தால் தானே பிடிக்கும் பிரேக்கை அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் உருவாக்கினார். நம் நாட்டு ரயில்களின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் அந்தக் காற்றுதான் வெளியேறுகிறது.

கண்டாலா மலைச்சரிவில் இறங்கும் லாரி டிரைவர் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் காற்று செலவாகும், பிரேக்கும் சூடேறும். கியரைக் குறைத்து, முள்ளின் மேல் கண் வைத்து இறங்குவதே உயிர்க்காப்பு. பிள்ளைகள் அந்தப் பாடத்தை விளையாட்டிலேயே படித்துவிடுகிறார்கள்.