இரட்டைப் பதிவா, இருவேறு வாக்காளர்களா? பட்டியல்களை இணைக்கும்போது நேரும் சிக்கல் என்ன?

பாலக்காடு: கேரளத்தின் சித்தூர், அட்டப்பாடி, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய எல்லையோரப் பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வசிக்கின்றனர். பணியிடம் ஒரு மாநிலத்திலும் சொந்த ஊர் மறு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்களும் இங்கு உண்டு. இதனால் 'இரட்டை வாக்கு' சர்ச்சை இப்பகுதிகளுக்குப் புதிதல்ல.

இரு எண்ணிக்கைகள்

2021 ஏப்ரல் 6 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் சட்டப்பேரவைத் தேர்தல் நடைபெற்றது. அதற்கு முன்பு, கேரள வாக்காளர் பட்டியலில் சுமார் 4.34 லட்சம் இரட்டைப் பதிவுகள் இருப்பதாக அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா குற்றம்சாட்டினார். தேர்தல் ஆணையமோ 38,586 பதிவுகளையே கண்டறிந்துள்ளதாக உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒத்த பெயர்களைப் பட்டியலிடுவதும், அவை ஒரே நபருடையவை என உறுதிசெய்வதும் வெவ்வேறு பணிகள்.

தரவு எவ்வாறு மாற்றப்படுகிறது?

எக்செல் போன்ற விரிதாள்களில் உள்ள விவரங்களைத் தரவுத்தளத்தில் சேர்க்க, தரவு ஒருங்கிணைப்பு மென்பொருள்கள் பயன்படுகின்றன. விவரங்கள் முதலில் ஓர் இடைநிலை அட்டவணையில் ஏற்றப்பட்டு, சரிபார்த்த பின்னரே முதன்மை அட்டவணைக்குச் செல்ல வேண்டும். இதில் கவனம் தவறினால் '007' என்ற எண் '7' ஆகிவிடும். '06/04' என்ற தேதி ஜூன் 4 எனப் பதிவாகிவிடும்.

பெயர்களில் சிக்கல் மேலும் அதிகம். தமிழில் 'மு. செல்வி' எனப் பதிவானவர், மலையாளப் பட்டியலில் 'செல்வி முருகன்' என இடம்பெறலாம். மாறாக, தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரே பெயரும் ஒரே முகவரியும் கொண்ட இருவர் வசிக்கலாம். முன்னவரை மென்பொருள் இருவராகவும், பின்னவர்களை ஒருவராகவும் கருதிவிடக்கூடும்.

அடையாள எண் போதுமா?

இதற்குத் தீர்வாக ஒவ்வொருவருக்கும் தனித்த எண் அளிக்கப்படுகிறது. ஆனால், வெவ்வேறு மாநிலங்களில் சிலருக்கு ஒரே வாக்காளர் அட்டை எண் இருந்ததை 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையம் விளக்க நேர்ந்தது. அனைத்து மாநிலப் பட்டியல்களும் 'ஈரோநெட்' தளத்திற்கு மாற்றப்படுவதற்கு முன்பு, எண்கள் மாநில அளவில் தனித்தனியே வழங்கப்பட்டதே காரணம் என்றும், எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் அவர்கள் போலி வாக்காளர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்றும் ஆணையம் தெரிவித்தது.

விவரங்கள் விடுபடுவதும் உண்டு. 2020-இல் இங்கிலாந்தில் பழைய வகை எக்செல் கோப்பின் 65,536 வரிசை வரம்பு காரணமாக, 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை.

வாக்காளர்கள் செய்ய வேண்டியது

ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் பதிவு செய்வதை 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம், தகுதியில்லை எனக் கருதி ஒருவரது பெயரை நீக்கும் முன் அவரது விளக்கத்தைக் கேட்கவும் வலியுறுத்துகிறது. மென்பொருள் ஐயத்தைச் சுட்டிக்காட்டலாம். முடிவெடுக்க வேண்டியவர் வாக்காளர் பதிவு அதிகாரியே. குடிபெயர்ந்தவர்களும் பெயரில் பிழை உள்ளவர்களும் படிவம் 8 மூலம் விவரங்களைத் திருத்திக்கொள்ளலாம்.