எதிர்ப்புச் சக்தியும் தாய்மையும்: படிவம் 4, 5 மாணவர்களுக்கான விளக்கக் குறிப்பு



உடல்நலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், 'நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்க வேண்டும்' என்ற வரி கட்டாயம் வந்துவிடும். கூடினால் நல்லதுதானே என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை அடையாளம் கண்டு தாக்குகின்றன. அவையே ஆள் தெரியாமல் சொந்த உடலைத் தாக்கினால், அதுதான் தன்னுடல் தாக்கு நோய். முடக்குவாதத்தில் மூட்டுகள் வீங்கும். லூப்பஸில் தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகள் பாதிக்கப்படலாம். லூப்பஸ் நோயாளிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில்தான் நோய் தொடங்குகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கருவில் பாதி மரபணு தந்தையுடையது. அப்படியானால் தாயின் உடலுக்கு அது அந்நியம்தானே? ஏன் தாக்குவதில்லை? 1953இல் பீட்டர் மெடாவர் இதே கேள்வியை எழுப்பினார். விடையின் ஒரு பகுதியை, 1995இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டிய உயிரணுக்கள் தந்தன. அவைதாம் கட்டுப்படுத்தும் டி உயிரணுக்கள். சண்டைக்குப் போகும் அணுக்களை 'போதும், நில்' என்று அடக்குவது இவற்றின் வேலை. கர்ப்பக் காலத்தில் இவை பெருகிக் கருவைக் காக்க உதவுகின்றன. இந்த ஆய்வுக்காக அவருக்கும் மேரி புருன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கர்ப்பிணிகளைக் கவனித்ததால் ஒரு மருந்தே பிறந்ததும் உண்டு. கர்ப்பக் காலத்தில் முடக்குவாதம் தணிவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938இல் எழுதினார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று அவர் தேடிய தேடல், 1948இல் கார்ட்டிசோன் சிகிச்சையில் முடிந்தது. 1950இல் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால், 'பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். முடக்குவாதம் பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் திரும்பி வருகிறது. லூப்பஸோ கர்ப்பக் காலத்திலேயே சீறலாம். அதனால்தான் நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின் கருத்தரிக்கச் சொல்கிறார்கள். மருந்திலும் இதே கவனம் வேண்டும். மெதோட்ரெக்சேட்டைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். எதையும் நாமாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

ஆசிரியர்களே, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. 'சோம்பேறி' என்ற பெயர்தான் கிடைக்கும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. மலேசிய எஸ்.எல்.இ. சங்கமும் நோயாளிகளுக்குத் துணை நிற்கிறது. இந்தத் தகவலை வகுப்பில் சொல்லிவையுங்கள்.

மாணவர்களே, இனி அந்த வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'நோய் எதிர்ப்புச் சக்தி அளவோடும் கட்டுப்பாட்டோடும் இயங்குவதே உடல்நலம்.'

கலைச்சொற்கள்
உயிரணு – உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு
தன்னுடல் தாக்கு நோய் – எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்
முடக்குவாதம் – மூட்டுகளைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்