பாழ்நிலமும் படக்காட்சியும்

உலகம் அழிந்தொழிவதைக் காண விரும்புவார் உளரோ? இலர் என்றே எவரும் விடை பகர்வர். ஆயினும், நகரங்கள் இடிந்து, அரசுகள் மறைந்து, எஞ்சிய சிலர் ஒரு குடம் நீருக்கும் ஒரு கலம் எண்ணெய்க்கும் போர் செய்வதாகக் காட்டும் படங்களைப் பொருள் கொடுத்துப் பார்ப்போர் உலகெங்கும் உளர். இருட்டறையில் இரண்டு மணி நேரம் இமை கொட்டாது அவர் வீற்றிருக்கின்றனர். சென்ற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விருப்பம் மறைந்திலது. துன்பத்தை வெறுக்கும் மனிதன் துன்பத்தின் காட்சியை விரும்புவது என்னை? இவ்வினாவிற்கு இயன்றவரை விடை காண்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகைப் படங்களை 'ஸ்டண்டுப் படம்' என்னும் ஒரு பெயரால் அழைத்து ஒதுக்கிவிடுதல் கற்றோரிற் பலர்க்கு வழக்கம். இதனை எழுதுவோனும் நெடுநாள் அவ்வாறு ஒதுக்கியவனே. வண்டிகள் மோதுவதும், முரடர் கூச்சலிடுவதும், தீப்பிழம்பு எழுவதும் அறிவுடையார்க்கு என்ன பயன் தரும் என்று எண்ணியிருந்தேன். அவற்றுள் சிறந்தன சிலவற்றை ஊன்றி நோக்கிய பின் அவ்வெண்ணம் மாறிற்று. மாறியதன் காரணத்தை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

உலகழிவைப் பற்றிய கற்பனை புதியதன்று. பேரூழி, பெருவெள்ளம் என்பன பற்றிய பழங்கதைகள் பல நாட்டாரிடத்தும் வழங்குகின்றன. 1826-ஆம் ஆண்டில் மேரி ஷெல்லி என்னும் ஆங்கில அம்மையார் 'தி லாஸ்ட் மேன்' என்ற நவீனத்தில், கொள்ளைநோயால் மனித குலம் மடிய ஒருவன் மட்டும் எஞ்சுவதைப் புனைந்தார். பேசும் படம் தோன்றிய பின்னர், 1936-இல் ஹெச். ஜி. வெல்ஸ் கதை எழுத, 'திங்ஸ் டு கம்' என்னும் படம் வெளிவந்தது. நெடும்போராலும் நோயாலும் பாழான நகரொன்றைக் கைப்பற்றிய முரட்டுத் தலைவன், தன் ஆகாய விமானங்களை ஓட்ட எண்ணெயின்றி, நிலக்கரிக்காக மலைநாட்டாரோடு போரிடுவதை அதில் காணலாம். எரிபொருளுக்காகப் போரிடும் குறுநிலத் தலைவன் அன்றே திரையில் தோன்றிவிட்டான். பின்னர் 1959-இல் வந்த 'ஆன் தி பீச்' என்னும் படம், அணுகுண்டுப் போரால் வடபாதி உலகம் மடிந்த பின், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மக்கள் கதிரியக்க நச்சின் வரவை எதிர்நோக்கி இருப்பதைக் காட்டிற்று. அங்கே சண்டையில்லை; அமைதியான காத்திருத்தலே உண்டு.

இருபது ஆண்டுகள் கழிந்தன. அதே மெல்போர்ன் நகரின் புறத்துச் சாலைகளில் எடுக்கப்பெற்ற மற்றொரு படம், அக்காத்திருத்தலை ஓட்டமாக மாற்றியது. அதுவே 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மேட் மாக்ஸ்'. இதன் டைரக்டர் ஜார்ஜ் மில்லர். தயாரிப்பாளர் அவர்தம் நண்பர் பைரன் கென்னடி. செலவு ஏறக்குறைய 3,50,000 முதல் 4,00,000 ஆஸ்திரேலிய டாலர். ஒரு படத்திற்கு இது மிகச் சிறு தொகை. பணமுடை காரணமாக, துரத்தற் காட்சியொன்றில் நொறுக்குவதற்கு மில்லர் தம் சொந்த வண்டியையே கொடுத்தார். அச்சிறு படமோ உலகெங்கும் 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியது.

இவ்வெற்றியின் காரணத்தை அறிய விரும்புவோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதலாவது, மில்லர் ஒரு மருத்துவர். குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் நாட்டுப்புறத்தில் வளர்ந்து, சிட்னி நகரில் மருத்துவம் கற்று, மருத்துவமனையின் அவசரப் பகுதியில் பணியாற்றியவர். நீண்ட நேரிய சாலைகளில் இளைஞர் கட்டின்றி வண்டியோட்டி மாண்ட காலம் அது. தம் நண்பர் சிலரையும் அவ்வாறு இழந்தவர் அவர். சிதைந்த உடல்களை மேசைமேல் கண்ட கண்ணே பின்னர்ப் படப்பெட்டியின் வழியே நோக்கிற்று. ஆதலின் அவர் காட்டும் மோதல் வெறும் வாணவேடிக்கை அன்று; ஒவ்வொன்றிலும் நோவு உண்டு.

இரண்டாவது, 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் சில தேசங்களுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. ஒரு பீப்பாய் ஏறக்குறைய 3 டாலராக இருந்த விலை, சில திங்களில் 12 டாலரை நெருங்கியது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்த நாட்களில், வரிசையை மீறியவர்மேல் மற்றையோர் கை ஓங்கியதைக் கண்டவர் ஜேம்ஸ் மக்காஸ்லண்ட் என்னும் பத்திரிகையாளர். அவரே மில்லரோடு சேர்ந்து கதையை எழுதினார். நேற்றுவரை அயலாராய் அன்பு பாராட்டியவர், ஒரு கலம் எண்ணெய்க்காக இன்று பகைவராவர் என்னும் உண்மையை அவ்வரிசை அவருக்கு உணர்த்தியது. படத்தின் வித்து அதுவே.

முதற் படத்தில் உலகம் இன்னும் அழிந்துவிடவில்லை. அழிவின் வாயிலில் நிற்கிறது. காவற்படையும் நீதிமன்றமும் பெயரளவில் உள்ளன. மாக்ஸ் என்னும் காவலனுடைய மனைவியையும் மகவையும் கொள்ளைக் கூட்டத்தார் வண்டியால் மோதி வீழ்த்துகின்றனர். அவன் பழிவாங்கி முடித்துப் பாழ்வெளியை நோக்கிச் செல்வதோடு கதை முடிகிறது. பழி தீர்ந்தது, மகிழ்ச்சியோ இல்லை. வென்றவன் முகம் தோற்றவன் முகம்போல் இருக்கிறது.

1981-இல் வந்த இரண்டாம் படமே இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரின் அருகேயுள்ள செந்நிலத்தில் எடுக்கப்பெற்றது அது. எண்ணெய்க் கிணறொன்றைக் காத்து வாழும் சிறு கூட்டத்தாரைக் கொடியோர் முற்றுகையிடுகின்றனர். தன்னலம் ஒன்றே கருதி வந்த மாக்ஸ், முடிவில் அவர்தம் எண்ணெய் லாரியை ஓட்டிச் செல்ல இசைகிறான். கொடியோர் அனைவரும் அவனைத் துரத்துகின்றனர். லாரி கவிழ்ந்தபோது அதிலிருந்து ஒழுகுவது எண்ணெயன்று, மணல்! மெய்யான எண்ணெய் மற்றை வண்டிகளில் வேறு வழியே தப்பிவிட்டது. மாக்ஸ் இதனை அறியான். பிறர் பிழைக்கத் தன்னை அறியாமலே கேடயமாயினான். அவன் கையில் மணல் ஒழுகும் அக்கணத்தில், வெற்றி என்பது யாது, யாருடையது என்னும் வினா காண்போர் உள்ளத்தில் எழாமல் இராது. பின்னாளில் அக்கூட்டத்தார்க்குத் தலைவனாகிய ஒருவன், தன் சிறுபருவத்தில் கண்ட வீரனைப் பற்றி முதுமையில் கூறுவதாக அக்கதை அமைந்திருத்தலும் கருதத்தக்கது. சொல்ல ஒருவன் இருக்கின்றான் எனின், உலகம் முற்றும் அழியவில்லை என்பது தானே பெறப்படும்.

மூன்றாம் படம் 1985-இல் வெளிவந்தது. 1983-இல் பைரன் கென்னடி ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டுபோன துயரின் பின் எழுந்தது அது. அதில் வரும் பண்டமாற்று நகரம், பன்றிச் சாணத்தினின்று எழும் மீதேன் வாயுவால் விளக்கெரிக்கிறது. நாகரிகம் மீண்டும் முளைக்கும்போது எத்துணை இழிந்த எருவில் முளைக்கிறது என்பதனை அது நகைச்சுவையுடன் காட்டுகிறது. அப்படத்தில், பெற்றோரை இழந்து பாலைவனச் சுனையருகே வளர்ந்த சிறுவர் கூட்டமொன்று உண்டு. அவர்கள் இறுதியில் பாழடைந்த சிட்னி நகரை அடைந்து, இரவுதோறும் விளக்கேற்றித் தம் கதையைச் சொல்லுகின்றனர். வழிதவறியோர் அவ்வொளியைக் கண்டு வீடு சேர்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

நிற்க. முப்பது ஆண்டுகள் கழித்து, 2015-இல், 'ப்யூரி ரோட்' என்னும் நான்காம் படம் வந்தது. இதனை எடுக்க முற்பட்டபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. பாழ்நிலம் வேண்டிப் புரோக்கன் ஹில் பகுதியை நாடினர். அங்கே பெருமழை பெய்து பாலையெல்லாம் மலர் பூத்துவிட்டது! ஆகவே ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டுப் பாலைவனத்திற்குச் சென்று, 2012-இல் படம் பிடித்தனர்.

இப்படத்தின் கதையோ மிக எளியது. இம்மோர்டன் ஜோ என்னும் கொடுங்கோலன் மலையுச்சியிலிருந்து நீரை ஆள்கின்றான். கீழே தாகத்தால் தவிக்கும் மக்கள்மேல் சிறிது நேரம் நீரை வீழ்த்திப் பின் அடைத்துவிடுகிறான். அவன் சிறைப்படுத்திய ஐந்து பெண்டிரை ப்யூரியோசா என்னும் வீரமங்கை விடுவித்துச் செல்கிறாள். அவள் தேடிச் சென்ற பசுமை நிலம் நஞ்சூறிய சேறாகிவிட்டது. அவ்வழியில் எதிர்ப்பட்ட மூதாட்டி ஒருத்தியின் பையில் விதைகள் மட்டும் உள்ளன. அப்பால் உப்புவெளியைக் கடந்து ஓடுவதா, வந்த வழியே மீண்டு நீர் உள்ள இடத்தையே கைக்கொள்வதா என்னும் வினா எழுகிறது. மீள்வதே முடிவாகிறது. தப்பியோடும் கதை திரும்பிவரும் கதையாக மாறும் அவ்விடமே படத்தின் உயிர்நிலை.

மருத்துவராகிய மில்லரின் உள்ளம் இப்படத்தில் மற்றோரிடத்தும் வெளிப்படுகிறது. தொடக்கத்தில் மாக்ஸைக் கட்டிவைத்து அவன் இரத்தத்தை நோயுற்ற படைஞன் ஒருவனுக்கு வலிந்து ஏற்றுகின்றனர். மனிதன் ஒரு பையாகக் கருதப்படுகின்றான். முடிவிலோ, உயிர் போகும் நிலையிலுள்ள ப்யூரியோசாவிற்கு அவனே தன் இரத்தத்தை ஏற்றித் தன் பெயரையும் சொல்லுகின்றான். இரத்தம் ஒன்றே, குழாயும் ஒன்றே. முன்னது கொள்ளை, பின்னது கொடை. நீண்ட வசனம் எதுவுமின்றி இவ்வேற்றுமையைக் கண்ணுக்குப் புலனாக்கியது வியக்கத்தக்கதன்றோ?

வசனமின்றி உணர்த்தும் இவ்வாற்றல் ஊமைப்படக் காலத்தின் சொத்து. 1926-இல் பஸ்டர் கீட்டன் நடித்த 'தி ஜெனரல்' என்னும் படத்தில், ரயில் எஞ்சின் ஒரே தடத்தில் துரத்திச் சென்று, துரத்தப்பட்டு மீள்கிறது. போதலும் மீளலுமாகிய அவ்வமைப்பே 'ப்யூரி ரோட்'டிலும் காணப்படுகிறது. மில்லர் இதனை ஏறக்குறைய 3,500 சித்திரங்களாக முன்னரே வரைவித்தார். எடுத்த படச்சுருளை ஓட்டினால் 480 மணி நேரம் ஓடும். அதனை அவர் மனைவியார் மார்கரெட் சிக்ஸல் 2 மணி நேரமாகத் தொகுத்தார். ஏறக்குறைய 2,700 துண்டுகள் இதில் உள்ளன. இத்துணை விரைவாகக் காட்சி மாறினும் கண் தடுமாறுவதில்லை. காணவேண்டிய பொருளைப் பெரும்பாலும் திரையின் நடுவிலேயே வைத்திருத்தலே காரணம். இப்படம் ஆறு ஆஸ்கர் பரிசுகளைப் பெற்றது. தொகுப்பிற்கான பரிசு அவ்வம்மையார்க்கே உரியதாயிற்று. மொழி அறியாதாரும் இப்படங்களை எளிதில் உணர்தலின், இவை கடல் கடந்தும் பரவின. 1983-இல் ஜப்பானில் தொடங்கிய 'ஹொக்குட்டோ நோ கென்' என்னும் சித்திரக்கதை இவற்றின் வழித்தோன்றலே.

இனி, ஒரு தடையை எண்ணிப் பார்ப்போம். இவை கொடுமையைச் சுவையாக்கி இளைஞர் உள்ளத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். முதற் படத்தை நியூஸிலாந்தும் ஸ்வீடனும் தடைசெய்திருந்தன. இவ்வச்சத்தை முற்றும் பொய் என்று தள்ளுதல் நேர்மையன்று. கொடுங்கோலனின் முகமூடியையும் வண்டியையும் கண்டு மயங்கி, அவன் அடக்கிவைத்த நீரை மறந்துவிடுவோர் எந்நாட்டிலும் உளர். ஆயின், கொடுமை ஒன்றே இப்படங்களின் கவர்ச்சியாயின், கொடுமை மிகுந்த படங்களெல்லாம் நிலைத்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழ்ந்திலது. இரண்டாம் படத்தின் வெற்றியைக் கண்டு, இத்தாலியில் சிலர் தோலாடையும் முரட்டு வண்டியும் கொண்டு விரைவில் பல படங்களை எடுத்தனர்; அவற்றை இன்று நினைப்பார் சிலரே. பாழ்நிலத்தை அவர்கள் பெற்றனர். அதில் நடக்கும் மனிதனைப் பெற்றிலர். நல்ல படமும் எஞ்ஞான்றும் பொருள் ஈட்டும் என்பதற்கில்லை. 2024-இல் வந்த 'ப்யூரியோசா' எதிர்பார்த்த வருவாயைத் தந்திலது. எனினும் பழைய நான்கு படங்களும் இன்றும் பார்க்கப்படுகின்றன.

ஆதலின் நாம் காண விரும்புவது அழிவையன்று. அழிவிற்குப் பின் எஞ்சுவதையே. வீடும் பதவியும் காவலும் சட்டமும் அகன்ற பின், மனிதனிடத்து மனிதன் கொள்ளும் கடமை நிற்குமா, வீழுமா? இவ்வினாவை நாள்தோறும் நாம் எதிர்கொள்ளாதபடி நம் வசதிகள் மறைத்து நிற்கின்றன. பாழ்நிலம் அத்திரையை நீக்குகிறது. அங்கே ஒரு குவளை நீரைப் பகிர்வதும் பகிராமையும் உயிரும் சாவும் ஆகின்றன.

மாணவ நண்பர்களே, இத்தகைய படமொன்றைக் காண நேர்ந்தால், எத்தனை வண்டிகள் உடைந்தன என்று மட்டும் எண்ணாதீர்கள். நீர் யார் கையில் இருக்கிறது, அது யார்க்கு மறுக்கப்படுகிறது, விதைப்பையை யார் சுமக்கின்றார், திரும்பிச் செல்லத் துணிந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். படம் முடிந்து வெளியே வந்தபின், அதே கேள்விகளை நம் தெருவிலும், நாம் நிற்கும் வரிசையிலும் கேட்பது தகும். அங்கே உலகம் இன்னும் அழியவில்லை. விடையை மாற்றிக்கொள்ள நமக்குக் காலம் உண்டு.