வீட்டு வளவில் காளான் வளர்ப்பும் அறுவடைக்குப் பின் அதைப் பேணுதலும்

மீள்குடியேறிய பின் முதற் போக விளைச்சல் வீடு வந்து சேரும் வரை கையில் காசு புழங்குவது கடினம். வயற்காணியில் கண்ணிவெடி அகற்றும் பணி முடியாதிருக்கலாம். கிணறு இன்னும் துப்புரவு செய்யப்படாதிருக்கலாம். இந்த இடைக்காலத்தில் துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்ட வளவுக்குள்ளேயே செய்யக்கூடிய தொழில் காளான் வளர்ப்பு. ஒரு சிறிய கிடுகுக் கொட்டிலும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று வாளி நல்ல தண்ணீரும் போதும். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் முதல் அறுவடையை எடுக்கலாம்.

எந்தக் காளான்?

தகரப் பேணியில் விற்கப்படும் மொட்டுக் காளான், வைக்கோலையும் எருவையும் மக்கச் செய்த கூட்டெருவில் குளிரான இடங்களில் வளர்வது. எமது பிரதேச வெப்பத்துக்கு அது ஏற்றதல்ல. சிப்பிக் காளானே பொருத்தமானது. இது 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நன்கு வளரும். எனவே மழையோடு, ஐப்பசி மாதமளவில் தொடங்குவது நல்லது. சோளகக் காற்று வீசும் வரண்ட மாதங்களில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

கலவை தயாரித்தல்

மரத்தூள் 10 கிலோ, புதிய அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா அல்லது பயற்றம் மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம் ஆகியவற்றை நன்றாகக் கலக்கவும். மா, பலா, றப்பர் போன்ற மரங்களின் தூள் நல்லது. தேக்கு, வேம்பு ஆகியவற்றின் தூளையும் மருந்து பூசிய பலகையின் தூளையும் தவிர்க்கவும். தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசையவும். கைப்பிடிக் கலவையை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கால் தண்ணீர் வடியக் கூடாது. தண்ணீர் கூடினால் கலவை புளித்துப் பழுதாகும்.

வெப்பத்தைத் தாங்கும் பொலிபுரொப்பிலீன் பைகளில் கலவையை இறுக்கமாக நிரப்பவும். சாதாரண பொலித்தீன் பை ஆவியில் உருகிவிடும். பையின் வாயில் பி.வி.சி. வளையம் இட்டுப் பஞ்சால் அடைத்துக் கடதாசியால் மூடிக் கட்டவும். பரலின் அடியில் தண்ணீர் விட்டு, தண்ணீரில் படாதவாறு தட்டு அமைத்து அதன்மேல் பைகளை அடுக்கவும். ஆவி வரத் தொடங்கியதிலிருந்து 3 மணி நேரம் அவிக்க வேண்டும். மரத்தூளிலுள்ள மற்றைய பூஞ்சணங்களையும் கிருமிகளையும் அழிப்பதற்காகவே இவ்வாறு அவிக்கிறோம். அரைகுறையாக அவித்தால் காளானுக்கு முன்னர் அவையே கலவையைத் தின்றுவிடும். இரசாயனப் பொருள் இருந்த பரலைப் பயன்படுத்த வேண்டாம்.

கவனிக்க: விறகுக்காகவோ வைக்கோலுக்காகவோ கண்ணிவெடி அகற்றப்படாத பற்றைக்காட்டுக்குள் செல்ல வேண்டாம். சிறுவர்களையும் அனுப்ப வேண்டாம்.

வித்திடுதலும் பராமரிப்பும்

பைகள் முற்றாக ஆறிய பின், காற்று வீசாத துப்புரவான அறையில் வித்திடவும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்திக்கொள்ளவும். பைக்கு ஒரு மேசைக்கரண்டி வித்து இட்டு உடனே பஞ்சால் அடைக்கவும். பின்னர் பைகளை இருட்டான இடத்தில் 3 முதல் 5 வாரங்கள் வைக்கவும். வெண்ணிற இழைகள் பை முழுவதும் பரவும். பச்சை அல்லது கறுப்பு நிறம் தோன்றும் பையைத் திறக்காமல் அப்புறப்படுத்திக் கொட்டிலிலிருந்து தொலைவில் புதைக்கவும்.

முழுவதும் வெண்மையான பைகளைக் கொட்டிலில் அடுக்கி வாயைத் திறந்துவிடவும். நிலத்தில் மணல் பரப்பி நனைத்து, சுற்றிவர ஈரச் சாக்குத் தொங்கவிடவும். நாளுக்கு மூன்று தடவை புகார் போலத் தண்ணீர் விசிறவும். உவர்த் தண்ணீர் ஆகாது. ஒரு பையிலிருந்து பல தடவை அறுவடை செய்யலாம். எல்லாமாகக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

அறுவடையும் பேணுதலும்

காளானின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறிக்க வேண்டும். விளிம்பு மேல்நோக்கி விரிந்தால் முற்றிவிட்டது என்பது பொருள். அப்போது வெளிப்படும் நுண்ணிய வித்துத் தூள் சிலருக்கு இருமலைத் தரும். கொட்டிலுக்குள் செல்லும்போது மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்ளவும். காலையில், தண்ணீர் விசிறுவதற்கு முன் பறிக்கவும். கத்தியால் வெட்டாமல் கொத்தாகத் திருகி எடுக்கவும். பையில் மிஞ்சும் துண்டு அழுகி ஈயை வரவழைக்கும்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த பின்னும் அது சுவாசித்து வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடும். காற்றுப்புகாத பையில் கட்டினால் வியர்த்து, வழுவழுப்பாகி, அழுகிவிடும். எனவே கழுவாமல், அடியிலுள்ள மரத்தூளை மட்டும் நீக்கி, சிறு துளைகள் இட்ட பையில் தளர்வாகப் போடவும். சமைக்கும்போது மட்டும் கழுவினால் போதும். குளிர்சாதனப் பெட்டியில் 4 அல்லது 5 நாட்கள் இருக்கும். மின்சாரம் இல்லாத வீடுகளில், பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து இடைவெளியை ஈர மணலால் நிரப்பி, ஈரத்துணியால் மூடிப் பேணலாம். அப்படியும் அடுத்த நாளுக்குள் விற்பது அல்லது சமைப்பது நல்லது.

விற்று மிஞ்சியதைக் கிழித்து, தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் காயவிடவும். வளைக்கும்போது சடக்கென ஒடிய வேண்டும். 10 கிலோ பச்சைக் காளான் ஏறத்தாழ 1 கிலோவாக வற்றும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் இட்டால் சில மாதங்கள் இருக்கும். சமைக்குமுன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கவும். புளித்த மணமோ வழுவழுப்போ உள்ள காளானை உண்ணவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

கவனிக்க: மழைக்குப் பின் வெளியில் முளைப்பவற்றுள் நஞ்சுக் காளான்களும் உண்டு. சமைப்பதால் அந்த நஞ்சு போகாது. உங்கள் பையிலேயே வேறு வகைக் காளான் முளைத்தாலும் உண்ண வேண்டாம். உண்ட எவருக்காவது வாந்தி, வயிற்றோட்டம் ஏற்பட்டால், மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவும்.

எவ்வளவுடன் தொடங்கலாம்?

கடன் பட்டுத் தொடங்க வேண்டாம். முதலில் வித்திட்ட 20 பைகளை வாங்கி வளர்த்துப் பாருங்கள். அயலவர், கடைகள், சந்தை என எவ்வளவு விலைபோகும் என்று அறிந்த பின் பரல், வித்து ஆகியவற்றுக்குப் பணம் செலவிடலாம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே பரலில் அவித்தால் விறகுச் செலவு குறையும். பயன் முடிந்த பைகளின் மரத்தூளைக் கூட்டெருக் குவியலில் சேர்த்து மக்கச் செய்து கத்தரி, மிளகாய்க்கு இடலாம். பயிற்சி பற்றியும் நல்ல வித்துக் கிடைக்கும் இடம் பற்றியும் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.